வலது பக்கத் தகடு

சிரிப்பு வரும், கட்டாயம் வரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற மாதிரி வரும், ஆனால் இப்போது வராது, முதல் பூச்சு காய இருபது நிமிஷம் ஆகும் என்று குகன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதையும் சொந்தக் குரலில் சொல்லிக்கொள்ளவில்லை, ஜங்ஷன் ஒலிபெருக்கிப் பெண்மணியின் குரலில் சொல்லிக்கொண்டான், பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சிரிப்பு இருபது நிமிடங்கள் தாமதமாக வந்து சேரும், தடங்கலுக்கு வருந்துகிறோம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. உறையூர்த் தெருக்களில் காற்று புழுதியை அள்ளி வீட்டுக்கு வீடு விநியோகம் செய்துகொண்டிருந்தது. அதனால் பின்னறை ஜன்னல் இரண்டையும் சாத்தி, கதவடியில் ஈரச் சாக்கைச் செருகி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பதினேழு வயதில் திருட்டுக்குப் போகிறவன் மாதிரி. முன்னால் மேஜையில், கவிழ்த்துவைத்த டம்ளரின் மேல், ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் விமானம். உடம்பெல்லாம் வெள்ளி நிறம், போன ஞாயிறு அடித்தது, ஒரு வாரமாக இறுகிக் கிடக்கிறது. இன்றைக்கு அடிக்க வேண்டியது ஒரே ஒரு தகடுதான். மூக்குக்குக் கொஞ்சம் பின்னால், வலது பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவு, பாசி படிந்த மங்கல் பச்சை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த நகம் அளவுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருந்தான். மூன்று பூச்சு, நடுவே இருபது இருபது நிமிஷம், பிறகு டேப்பை உரிக்க வேண்டும். நாலரை மணிக்குப் பெரியப்பா வருகிறார். ஏழு வருஷம் கழித்து இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கிறார். வந்ததும் விமானத்தைக் கையில் எடுப்பார், தகட்டைப் பார்ப்பார், அதற்கப்புறம் என்ன ஆகும் என்கிற இடத்துக்குப் போனதும் குகன் டேப்பின் விளிம்பை நகத்தால் இன்னொரு தடவை அழுத்தி ஒட்டினான். கைக்குட்டையைத் தாண்டி தின்னர் வாசனை உள்ளே இறங்கியது. தூக்கம் வந்தது. மூன்று வாரமாக எப்போதும் தூக்கம் வருகிறது, படுத்தால் மட்டும் வருவதில்லை.

பெரியப்பா வைத்திலிங்கம் விமானப்படைக்காரர். பறந்தவர் இல்லை, பறக்க விட்டவர், ஃபிட்டர், ஸ்பானரும் எண்ணெய்த் துணியுமாக இருபது வருஷம் விமானங்களின் வயிற்றுக்குக் கீழேயே இருந்தவர். அவர் கையில் வளர்ந்தது ஒரு நாட் விமானம், கொசு மாதிரி சின்னது. ஒருநாள் விடியற்காலை அதன் தகடு ஒன்று நசுங்கிப்போய், கிளம்ப இன்னும் அரை மணிதான் இருக்கிறது என்கிற நிலையில், பக்கத்துக் கொட்டகையில் எஞ்சின் இல்லாமல் நின்ற இன்னொரு விமானத்திலிருந்து தகட்டைக் கழற்றி இதில் மாட்டிவிட்டார். அது பச்சை விமானம், இது வெள்ளி விமானம். பெயின்ட் அடிக்க நேரமில்லை. விமானி வந்து பார்த்து, கால்சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று அதைத் தட்டிவிட்டு ஏறிப் போனாராம், பத்திரமாகத் திரும்பி வந்தாராம், வந்த பிறகு அதைப் பூசக் கூடாது, அப்படியே இருக்கட்டும் என்றாராம். அந்த விமானம் முழுக்க அரசாங்கத்துடையது, அந்த ஒட்டு மட்டும் என்னுடையது என்பார் பெரியப்பா. சொல்லிவிட்டு ஒரு செருமல் செருமுவார், லாரி கியர் மாற்றுகிற மாதிரி. ஓய்வு பெற்று வந்து சூலூரில் வீடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த விமானத்தையே பிளாஸ்டிக்கில் செய்தார், ஒரு வருஷம் செய்தார், பச்சைத் தகட்டோடு செய்தார். அதைத்தான் அப்பா கண்ணாடிப் பெட்டி போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தார். அப்பா மாசிலாமணி போட்டோ ஸ்டுடியோவில் ரீடச்சர். கல்யாணப் பெண்ணின் பருவை எடுப்பார், மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை எடுப்பார், செத்துப்போனவரின் கண்ணில் வெளிச்சத்தை வைப்பார், எல்லாம் காற்றோடு சாயத்தைத் தூவுகிற இந்த ஏர் பிரஷ்ஷால்தான், பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரில் அவரே கட்டிய இந்த கம்ப்ரஸரால்தான். வெள்ளி விமானத்தில் ஒரு பச்சை மச்சத்தைப் பார்த்தால் அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா. இருக்கவில்லை. அழகாக, விளிம்பே தெரியாமல், வெள்ளி அடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தை மாதம் அண்ணன் வந்தபோது துணியை விலக்கிக் காட்டினார். கதவோரம் நின்ற குகனுக்கு அப்போது பத்து வயது. எங்கடா மாசி அது. எதுண்ணே. அந்தப் பச்சை. அது வேற கலரா இருந்துச்சுண்ணே, சரி பண்ணிட்டேன். பெரியப்பா பெட்டியை மூடினார், அதையும் தன் பையையும் எடுத்துக்கொண்டார், வெளியே போனார், காப்பி ஆறிப்போனது. சரி பண்ணிட்டேன் என்பதை அப்பா சொன்ன விதம், கடைசி எழுத்தில் கொஞ்சம் பெருமையாக மேலே ஏறி, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நடுவிலேயே கீழே விழுகிற விதம், அதைக் குகன் அன்றே பிடித்துக்கொண்டான். அவன் முதலில் பிடித்த குரல் அதுதான். அதற்கப்புறம் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், பிசிக்ஸ் வாத்தியார், எதிர்வீட்டு நாய் என்று வரிசையாக எல்லாரும் வந்து அவன் தொண்டையில் குடியேறினார்கள், ஒருத்தரும் வாடகை கொடுப்பதில்லை.

மோட்டார் கடகடவென்று ஓடி நின்றது. காற்று ஏறிவிட்டது. சிட்டிகை அளவு பச்சை, தின்னர் விட்டுப் பால் பதத்துக்குக் கலக்கியாயிற்று. குகனுக்குத் தனியாக ஏர் பிரஷ் பிடிக்கத் தெரியாது. அவன் கையாகப் பிடித்தால் ஆடும், சொட்டும், துப்பும். அப்பாவாகப் பிடித்தால் ஆடாது. இது அவன் கண்டுபிடித்த வித்தை. இடது தோளைக் கொஞ்சம் இறக்க வேண்டும், நாக்கு நுனியைக் கடைவாய்ப் பல்லில் வைக்க வேண்டும், மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும், அப்பா வந்துவிடுவார், வந்து மணிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். விமானத்துக்கு வெளியே காற்றில் அழுத்த ஆரம்பித்து, தகட்டைக் கடந்து, அந்தப் பக்கம் வெளியே போய்தான் விட வேண்டும், தகட்டின் மேலேயே ஆரம்பித்தால் வழியும். ஸ்ஸ்ஸ். பச்சை பனி மாதிரி இறங்கியது, வெள்ளி இன்னும் தெரிந்தது, தெரியத்தான் வேண்டும், முதல் பூச்சில் எதையும் மூடக் கூடாது. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து விமானத்தை மூடினான், தூசி படாமல். மூன்று மணி ஐந்து. இனி காத்திருப்பு. காத்திருப்பில்தான் எல்லாம் வந்து மொய்க்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், சத்திரம் பஸ் ஸ்டாண்டு எதிரே எஸ்டிடி பூத், கண்ணாடிப் பெட்டி, உள்ளே வியர்வை, வெளியே கூடப் படிக்கிற பீட்டர்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டு. ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, உங்க பெரியப்பா மாதிரி உங்க அப்பாகிட்டயே பேசிக் காட்டு பார்க்கலாம், ரெண்டு பரோட்டா. பரோட்டாவுக்காகத்தான், சத்தியமாகப் பரோட்டாவுக்காகத்தான். ஏழு வருஷமாகக் கேட்காத குரல், ஆனால் தொண்டைக்குள் கெடாமல் இருந்தது, முதலில் செருமல், அப்புறம் மாசி, நான்தான்டா. சொன்னதும் அப்பா யாரு என்பார், அண்ணன்டா என்று அதட்ட வேண்டும், அப்பா நடுங்குவார், சிரித்துக்கொண்டே வைத்துவிட வேண்டும், அதுதான் திட்டம். அப்பா யாரு என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, அண்ணே, என்று ஒரு குரல், அப்பாவின் குரல்தான், ஆனால் குகன் அதுவரை பிடிக்காத குரல், அவனிடம் இல்லாத குரல். எப்படி இருக்கே என்றான் குகன் பெரியப்பாவாக, வேறு ஒன்றும் தோன்றவில்லை. இருக்கேண்ணே. சாப்பிட்டியா. சாப்பிட்டேண்ணே. வைத்துவிட்டான். பீட்டர்ராஜ் சிரிப்பதற்கு வாயைத் திறந்தவன் இவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். பரோட்டாவை இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அன்று சாயந்திரம் அப்பா வீட்டுக்கு வந்து, கால் கழுவி, ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். அங்கே துணியில் சுற்றி ஒரு பெட்டி இருந்தது, அதே விமானம், இன்னும் ஒட்டிச் சேர்க்காத துண்டுகளாக, பிரிக்காத பெட்டி, அந்தத் தை மாதமே எங்கிருந்தோ சொல்லி வாங்கி வைத்திருக்கிறார், யாருக்கும் சொல்லாமல்.

"டேய், அந்தத் தின்னர் நாத்தம் சாம்பார் வரைக்கும் வந்திருச்சுடா," என்றாள் அம்மா கதவுக்கு வெளியே. "பெரியவரு வந்து உட்கார்ந்தா இலையிலயும் அதேதான் வாசனை அடிக்கும்." இன்னும் ரெண்டு பூச்சும்மா என்றான் குகன். "பூச்சு பூச்சுன்னு அப்பனும் மகனும் சேர்ந்து என் உயிரைப் பூசுறீங்க. நான் பால் வாங்கிட்டு வர்றேன். அவரை நாலு மணிக்கு எழுப்பிவிடு." சரி வேணி என்று அப்பா குரலில் சொல்லியிருக்க வேண்டும், வழக்கமாகச் சொல்வான், அவளும் வழக்கமாக ஏமாந்து என்னங்க என்று திரும்புவாள், செருப்பைக் காட்டுவாள். இன்றைக்குச் சொல்லவில்லை. அம்மா ஒரு விநாடி நின்றாள், வராத ஒன்றுக்காக நிற்கிற மாதிரி, பிறகு வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூன்று இருபத்தெட்டு. பெட்டியைத் தூக்கினான், பச்சை மங்கிக் காய்ந்திருந்தது, விரலால் தொடாமல் மூக்கால் பார்த்தான், ஈர வாசனை போய்விட்டது. தோளை இறக்கினான், நாக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோனான், அப்பா உடனே வரவில்லை, இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகு அலுப்பாக வந்தார். ஸ்ஸ்ஸ். பச்சை கொஞ்சம் அடர்ந்தது. ஆரம்பித்ததை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விட்டார்களா. மறுநாள் ராத்திரி சோறு பிசைந்துகொண்டே அப்பா சொன்னார், அண்ணனுக்கு நான் ஒரு போன் போடணும், அவரே இறங்கி வந்து பேசியிருக்காரு. போட்டால் தீர்ந்தது கதை, நான் எங்கடா கூப்பிட்டேன் என்பார் பெரியப்பா, ஏழு வருஷத்தை ஆசையாக உடைத்துக்கொண்டு போனவர் முகத்தில் அது விழும், அப்புறம் எழுபது வருஷம். ஆகவே முந்திக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பூத், இந்தத் தடவை தனியாக, இந்தத் தடவை அப்பாவாக, சூலூருக்கு. அண்ணே, நான்தான், மாசி. அந்தப் பக்கம் செருமல். அசல் செருமல். அசலைக் கேட்டதும் தன்னுடையது எவ்வளவு மட்டம் என்று குகனுக்குக் கூச்சமாகிவிட்டது, அதில் ஒரு கரகரப்பு அடியில் ஓடுகிறது, அதை எப்படி விட்டான். சொல்லு, என்றார் பெரியப்பா. தப்புதாண்ணே, அன்னிக்கு. ம். அது உறுத்துச்சுண்ணே, அதான். உறுத்தட்டும்னுதான்டா வச்சிருந்தேன், என்றார். பிறகு, உன் பையன் எப்படி இருக்கான், இன்னும் எல்லார் மாதிரியும் பேசிட்டுத் திரியறானா. இல்லண்ணே, இப்ப படிக்கிறான், நல்ல பையன். நல்ல பையனா, அச்சா, என்றார் பெரியப்பா, ஏதோ இருமினார், ரொம்ப நேரம் இருமினார். ஒரு தடவை வாங்கண்ணே என்று அப்பா சொல்லக்கூடிய ஒன்றை அப்பாவுக்காகச் சொல்லிவிட்டு வைத்தான். அப்பாவின் மன்னிப்பை அப்பாவுக்குத் தெரியாமல் கேட்டாயிற்று. பூத்தை விட்டு வெளியே வந்தபோது கால் இரண்டும் யாருடையவோ மாதிரி இருந்தன.

அதற்கடுத்த வாரம்தான் அந்தக் கேள்வி வந்தது. அப்பா விமானத்தை ஒட்டி, சேர்த்து, தேய்த்து முடித்திருந்தார். கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குடா, நீயே அடி, என் கை மாதிரியே உன் கைக்கும் வருது என்று சொல்லி ஏர் பிரஷ்ஷை இவன் கையில் கொடுத்தார். அதையும் குகன் பெரிதாக நினைக்கவில்லை, எல்லாருக்கும்தான் மங்கலாக இருக்கிறது. ஆனால் பச்சைத் தகடு எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு மட்டும் அப்பா நெற்றியைத் தேய்த்தார். இடதா வலதான்னு தெரியலையேடா, ஏழு வருஷம் ஆச்சு, அண்ணன் மறுபடி பேசினா கேட்கணும். மறுபடி பேசினா. அண்ணன் பேசவில்லை என்றால் அந்த விமானம் முழு வெள்ளியாக நிற்கும், அதே பழைய குற்றம் புதிதாக நிற்கும். ஆகவே அண்ணன் மறுபடி பேசினார், சத்திரத்திலிருந்து. எப்படிண்ணே இருக்கீங்க, ஒண்ணு கேட்கணும், அந்தத் தகடு எந்தப் பக்கம்ணே. குகனுக்குத் தெரியாது. பத்து வயதில் கதவோரம் நின்றவனுக்கு பச்சை ஞாபகம் இருந்தது, பக்கம் ஞாபகம் இல்லை. பெரியப்பா தெரியாது என்று சொல்ல முடியுமா, தாய்க்குப் பிள்ளையின் மச்சம் எங்கே என்று தெரியாதா. செருமினான், புதிதாகக் கற்ற கரகரப்போடு செருமினான், அதற்குள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பூத்தின் கண்ணாடிக்கு வலது பக்கத்தில் ஒரு இளநீர்க்காரர் நின்றார், இடது பக்கத்தில் யாரும் இல்லை. வலது பக்கம்டா மாசி, மூக்குக்குப் பின்னாடி, அது கூடவா மறந்துட்டே. வலதாண்ணே. வலதுதான்டா.  நீங்க சொன்னா சரிண்ணே என்றார் அப்பா. அப்படித்தான் இந்தப் பச்சை வலது பக்கத்துக்கு வந்தது, ஒரு இளநீர்க்காரரின் யோசனைப்படி. அதற்குப் பின் நாலாவது போன், அப்பாவாக சூலூருக்கு, இப்போ வராதீங்கண்ணே, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் என்று சொல்லத்தான் போட்டான், வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன்டா, டிக்கெட் எடுத்தாச்சு, நாலரைக்கு இருப்பேன் என்று வைத்துவிட்டார்.

மூன்று நாற்பது. தகடு வலது பக்கமாக இருந்துவிட்டால். பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, காசைச் சுண்டினால் தலை விழுவதில்லையா. இருந்துவிட்டால் பெரியப்பா தடவிப் பார்ப்பார், பார்த்து அப்பாவின் தோளைத் தட்டுவார், யாரும் யாரையும் போனைப் பற்றிக் கேட்காமலே சாப்பிட்டு எழுந்துவிடலாம், ஆண்கள்தானே, பேச மாட்டார்கள். இடதாக இருந்தால். ஏன்டா இங்க வச்சே என்பார் பெரியப்பா. நீங்கதானேண்ணே போன்ல சொன்னீங்க என்பார் அப்பா. நான் எப்படா போன் பண்ணேன். பண்ணீங்களே. நீதானேடா பண்ணி மன்னிப்புக் கேட்டே. நானா. இரண்டு பேரும் பேசுவதைக் குகன் தலைக்குள் கேட்டான், அவர்கள் குரலிலேயே கேட்டான், அச்சு அசலாக, அதுதான் கொடுமை, மற்றவர்கள் பயப்பட்டால் மங்கலாகத்தான் பயப்படுவார்கள், இவனுக்குப் பயம்கூட வசனத்தோடு வரும். ஒருத்தர் மனசு இறங்கி மன்னிப்புக் கேட்டார், இன்னொருத்தர் மனசு இறங்கி முதலில் கூப்பிட்டார், இரண்டும் பொய், இரண்டையும் செய்தது ஒரு பொடியன், பரோட்டாவுக்கு. அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் எந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். முதல் சண்டைக்காவது ஒரு தகடு காரணமாக இருந்தது. இந்தச் சண்டைக்கு இவன் காரணம், சாகும்வரை. டேப்பை உரித்துவிட்டு வெள்ளியை மறுபடி அடித்துவிடலாமா, அப்பா தூங்கி எழுவதற்குள். இரண்டு பக்கமும் பச்சை அடித்துவிடலாமா, கேட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லலாமா. கை தவறிக் கீழே விழுந்த மாதிரி விட்டுவிட்டால். கையை நீட்டிக்கூடப் பார்த்தான். அப்பா ஐந்து ராத்திரி தேய்த்த இறக்கை, உப்புத்தாளால், கண்ணுக்கு அருகே வைத்து, ரொம்ப அருகே வைத்து, இமை படுகிற அளவுக்கு அருகே. கையை இழுத்துக்கொண்டான். முன்னறையில் அப்பா குறட்டை விட்டார். எழுப்பிச் சொல்லிவிடலாம், அப்பா, அது நான், நாலு தடவையும் நான். குறட்டையைக் கவனித்தான். அப்பாவின் குறட்டை அவனுக்கு மனப்பாடம், விருந்தாளிகளுக்குச் செய்து காட்டியிருக்கிறான், இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம், நடுவில் மீன் வாய் திறக்கிற மாதிரி ஒரு சின்ன பப். இன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக, அவன் செய்து காட்டுவது போலவே இருந்தது. அசதியில் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது பூச்சுக்கு பிரஷ் அடைத்துக்கொண்டது. அழுத்தினால் துப்பியது, நல்லவேளை தாளின் மேல் துப்பியது, தகட்டின் மேல் இல்லை. ஊசியை உருவி, தின்னரில் நனைத்து, பஞ்சில் துடைத்து, மறுபடி செருகி, தாளில் அடித்துப் பார்த்து, மறுபடி உருவி, இப்படியே இருபது நிமிஷம் போனது. விரல் நகமெல்லாம் பச்சை. கண் எரிந்தது. தனக்குள் உள்ள எல்லாக் குரலையும் கொஞ்ச நேரம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தொண்டையோடு படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தான், காலையில் சட்டை மாதிரி எடுத்து மாட்டிக்கொள்ளலாம், பெரியப்பாவை மட்டும் சலவைக்குப் போட்டுவிடலாம். பிசிக்ஸ் வாத்தியார் வந்து, என்ன தம்பி, வேலையைப் பாருங்க தம்பி, வாயில வாழ்ந்துட முடியாது தம்பி என்றார். நாலு பத்துக்கு அடித்தான். தோளை இறக்கவில்லை, நாக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோகவில்லை, மறந்துவிட்டான், அடித்து முடித்த பிறகுதான் மறந்தது தெரிந்தது, கை கொஞ்சம் ஆடியும் இருந்தது, ஆனால் பச்சை ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது, மங்கலாக, கனமாக, நிஜத் தகரம் மாதிரி. பெட்டியைக் கவிழ்த்தான். அப்பாவை எழுப்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டது. எழுந்திருக்க மனமில்லை. சுவரில் சாய்ந்தான். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது, காற்று அதைப் பாதி தின்றுவிட்டுத்தான் கொடுத்தது. முன்னறையில் குறட்டை பட்டென்று நின்றது. யாரும் எழுப்பாமல் அப்பா எழுந்துபோனார், செருப்புகூடப் போடாமல்.

இனி ஒரு மௌனம் வரும் என்று குகன் எதிர்பார்த்தான். ஏழு வருஷத்து மௌனம், வாசற்படிக்கு உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர். அதற்குத் தகுந்த வசனமெல்லாம் இரண்டு பேருக்கும் தயாராக வைத்திருந்தான், அப்பாவுக்கு ஒரு விசும்பல்கூட வைத்திருந்தான். கதவில் காதை வைத்தான்.

"காத்தாடா இது. கண்ணெல்லாம் மண்ணு."

"உள்ள வாங்கண்ணே. ஜன்னல் சீட்டு கிடைச்சுதா?"

"கிடைச்சு என்ன, பக்கத்துல ஒருத்தன் கரூர் வரைக்கும் என் தோள்லயே தூங்கிட்டு வந்தான். தண்ணி குடு. திங்கக்கிழமை போனியா டாக்டர்கிட்ட?"

"போனேண்ணே."

"என்ன சொல்றான்?"

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்காம். இடதுல அதிகமாம். அதை முதல்ல எடுத்துடலாம், தள்ளிப்போடாதீங்கன்னான்."

"நான்தான் சொன்னேன்ல. வேணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. உங்ககிட்ட மட்டும்தான். ஸ்டுடியோவுல தெரிஞ்சா வேலைக்கு ஆகாதுன்னுடுவாங்க."

"அதை அப்புறம் பார்க்கலாம். ராத்திரி சோத்துல நான் சொல்லிக்கறேன், நீ சும்மா இரு."

கதவில் இருந்த காது கதவிலேயே இருந்தது. டாக்டர். எந்த டாக்டர். நாலு போனையும் குகன் ஒவ்வொன்றாகப் புரட்டினான், ஒரு செருமல் விடாமல், ஒரு ம் விடாமல், எல்லாம் அவன் வாய் வழியாகத்தானே போனது, எல்லாம் மனப்பாடம். அதில் கண் இல்லை, டாக்டர் இல்லை, திங்கட்கிழமை இல்லவே இல்லை. அம்மா கடிதம் எழுதியிருப்பாளோ, அம்மாவுக்கே தெரியாது என்கிறாரே. அவன் பேசாத ஒரு திங்கட்கிழமை அவர்களுக்கு இருந்தது. அதற்கு முந்தியும் சில நாட்கள் இருந்திருக்க வேண்டும், எங்கோ நடுவிலிருந்து எடுத்துப் பேசுகிறார்களே, நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி. செருமல்கூட இல்லை. கோபக்காரரிடம் பேசுகிற குரல் இல்லை அப்பாவுடையது, ஏழு வருஷம் கழித்துப் பேசுகிற குரலும் இல்லை, தினசரிக் குரல், உப்பு போதுமா என்று கேட்கிற குரல். கண்ணில் அவ்வளவு இருட்டை வைத்துக்கொண்டுதான் மனுஷன் இமை பட இறக்கையைத் தேய்த்தாரா. 

"எங்கடா மாசி, அந்த இன்னொரு வைத்திலிங்கம்?" என்றார் பெரியப்பா. "இன்னும் வலது பக்கத்துலயேதான் அடிச்சிட்டு இருக்கானா?"

"மூணாவது பூச்சு முடிச்சிருப்பான்ணே. மெதுவா பேசுங்க."

"நீ மறந்துட்டேன்னு நிஜமாவே நம்பிட்டானா?"

"நம்பிட்டான்ணே." அப்பாவின் குரல் இறங்கியது. "இடதுன்னு எனக்குத் தெரியாதா. ஏழு வருஷமா கண்ணை மூடினா அதைத்தானே பார்த்துட்டு இருக்கேன்."

விமானம் பின்னறையில், பெட்டிக்கு அடியில், டேப்புக்கு உள்ளே இருந்தது. பெரியப்பா அதைப் பார்க்கவில்லை. வலது பக்கம் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்கிறான், ஒரே ஒரு தடவை, சத்திரம் பூத்தில், இளநீர்க்காரரைப் பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும். அப்பா சொல்லாமல் அது சூலூருக்குப் போயிருக்க முடியாது. அண்ணனுக்கு ஒரு போன் போடணும் என்ற அப்பா, வெள்ளிக்கிழமைக்கு முன்பே போட்டுவிட்டிருக்கிறார். நான் எங்கடா கூப்பிட்டேன் என்று பெரியப்பா கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இவன் அப்பாவாக மன்னிப்புக் கேட்டபோது அப்பா ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார். பெரியப்பா இருமியது இருமல் இல்லை, சிரிப்பு.